மாப்பிள்ளை ஷெட்டில் மரத்தவளை

ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில் வரதன் வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் உண்டு. வரதனிடம் கார் கிடையாது. கார், ஓசூரில் வேலை பார்க்கும் அவருடைய மாப்பிள்ளை ஸ்ரீராமுடையது. மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குக் கல்யாணம் ஆன கையோடு, "தலை தீபாவளிக்கு மாப்ள வந்தா வண்டிய தெருவுலயா நிறுத்துவாரு?" என்று வரதனின் மனைவி சித்ரா கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எழும்பியது ஷெட். இரண்டு பக்கமும் தூண், மேலே சிமென்ட் ஷீட், முன்னால் நீல பெயின்ட் அடித்த கேட். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கார் வரும், நாலைந்து நாள் நிற்கும், போய்விடும். வருஷத்தின் மீதி நாளெல்லாம் அந்த ஷெட்டில் மரியாதை நின்றுகொண்டிருந்தது. மரியாதைக்குக் காரைவிட அதிக இடம் வேண்டும் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு சைக்கிளைச் சாத்தக்கூட சித்ரா விடமாட்டாள்.

வரதனுக்கோ இடமில்லாமல் உயிர் போய்க்கொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடித்தே முடி நரைத்தவர் அவர். மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்த்ததில், எது ராத்திரி எது பகல் என்பதை அவருடைய உடம்பு மறந்து போயிருந்தது. ரிட்டையரானதும் ஆசை தீரத் தூங்கலாம் என்று பாயை விரித்தார். தூக்கம் வரவில்லை. களைப்பு மட்டும் சரியான நேரத்துக்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. சும்மா கிடந்து களைப்பதற்கு ஏதாவது செய்து களைக்கலாம் என்றுதான் அவர் தவளை செய்ய ஆரம்பித்தார்.

தவளை என்றால் விரால் மீனுக்குத் தூண்டிலில் மாட்டுகிற பொய்த்தவளை. கல்யாணமுருங்கைக் கட்டையைச் செதுக்கி, வயிற்றில் கொஞ்சம் ஈயம் வைத்து, சைக்கிள் ட்யூபில் பின்னங்கால் வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ரெசின் பூச வேண்டும். ஏரியில் வீசி இழுத்தால் தவளை நீந்துகிற மாதிரியே வரும். குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருக்கும் விராலுக்கு அதைப் பார்த்தால் ஆகாது, பாய்ந்து கவ்வும். வரதனின் தவளைகள் எப்படியிருக்கும் என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். மாடிக் கைப்பிடிச் சுவரில் அவர் காய வைத்த ஒரு தவளைக்கு எதிரே ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. பகல் முழுக்க நின்றது. மறுநாளும் வந்து நின்றது. அதற்கடுத்த நாள், தன் மேல்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, விஷயம் தெரிந்த இன்னொரு கிழட்டுக் கொக்கைக் கூட்டிக்கொண்டு வந்தது. கிழட்டுக் கொக்கு ஒரே ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, வரதனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது.

தவளையெல்லாம் நல்ல தவளைதான். செய்ய ஓரிடம்தான் இல்லை. மாசியில் மாடியில் செய்வார். சித்திரையில் மாடியில் நிற்க முடியாது. கத்திரி வெயிலில் ரெசினைக் கலக்குவதற்குள் கலக்குகிற குச்சி நட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்த வருஷம் ஒரு காக்கா, ஒரு இறக்கையால் பறந்துகொண்டு மறு இறக்கையால் தலைக்குக் குடை பிடித்துப் போனதை வெள்ளானூரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வெயில் காலத்தில் படிக்கட்டுக்கு அடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் குனிந்தபடி வேலை. ஆடிக் காற்றில் தூசி பறக்கும்; ஈரமான தவளைமேல் மண் ஒட்டி, தவளை தேரையாகிவிடும். அப்போது குளியலறை. அங்கே வேலை செய்தால் சித்ரா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். ஐப்பசி பிறந்தால் எங்கேயும் முடியாது. ஒரு ஐப்பசியில் அடித்த பச்சை பெயின்ட் தை பிறந்துதான் காய்ந்தது. அதற்குள் அதன்மேல் நிஜமான பாசியே பிடித்து, இவர் அடித்ததைவிட நல்ல பச்சையாக இருந்தது.

ஒவ்வொரு இடத்துக்கும் மேஜை, ஸ்ப்ரே கன், கம்ப்ரெசர், டப்பாக்கள், கட்டைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தே அவருடைய முட்டி தேய்ந்தது. தவளை செய்து அவர் களைக்கவில்லை. தவளைப் பண்ணையைத் தலையில் வைத்துக்கொண்டு குடித்தனம் மாறி மாறிக் களைத்தார்.

இந்த நிலைமையில்தான் குணசேகரன் ஒரு நிபந்தனை வைத்தான். பட்டணத்தில் தூண்டில் கடை வைத்திருப்பவன். வரதனின் தவளைகளை வாங்கி விற்பவன்.

"அண்ணாத்தே, உன் சரக்கு சோக்கா கீது. ஆனா மழை வந்தா உன் கடை சாத்திக்குது. மழை நின்னு ஏரி ரொம்பி கீறப்பதான் ஜனம் தூண்டிலே எடுக்குது, அப்ப என் கடையில தவள இல்ல. இந்தத் தீபாவளி கழிச்சு வருவேன். ஒரு லாட்டு தவள ரெடியா இருந்தா வருஷம் பூரா உன்னுதுதான். இல்லாட்டி சைனா தவள போட்டுக்கறேன், கோச்சிக்காத."

வரதன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிப்பதற்கும் தெம்பு வேண்டும். வீட்டுக்கு வந்து சித்ராவிடம் சொன்னார்.

"ஷெட்டக் குடு. வருஷம் பூரா ஒரே எடத்துல ஒக்காந்து செய்யணும். இல்லன்னா இத்தோட உட்டுர்றேன். எல்லாத்தையும் காயலாங்கடையில போட்டுட்டு, செவுத்தப் பாத்துகினு ஒக்காந்துர்றேன்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆட்களைச் சித்ராவும் பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறாள்.

"சரி. ஆனா தீபாவளிக்கு மாப்ள வர்றப்ப ஷெட்டுல ஒரு ஆணி இருக்கக் கூடாது. வண்டி நிக்கிற எடம் வண்டிக்குத்தான்."

"நீ ஒரு வார்த்த அவருகிட்ட கேட்டுப் பாரேன், வெளிய நிறுத்திக்கிறாரான்னு."

"நான் கேக்கறதா? மாப்ளகிட்ட போயி, உன் வண்டிக்கு எங்க ஊட்டுல எடம் இல்லன்னு? நல்லா கீதே நாயம். நீங்களே கேளுங்க."

வரதன் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மாமனாரும் மாப்பிள்ளையும் கல்யாணமான நாலு வருஷத்தில் நேருக்கு நேர் பேசியதெல்லாம் "வாங்க மாப்ள", "சாப்ட்டீங்களா மாமா", "டிராஃபிக்கா?", "ஆமாங்க மாமா" ஆகிய நான்குதான். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் சித்ராவிடம் சொல்லி, அவள் கிருஷ்ணப்பிரியாவிடம் சொல்லி, அவள் ஸ்ரீராமிடம் சொல்லி, பதில் அதே வழியில் திரும்பி வரும். நடுவில் இரண்டு பெண்களும் தங்களுக்குத் தோன்றியபடி அதைத் திருத்திக்கொள்வார்கள்.

ஆகவே ஆவணியில் வரதன் ஷெட்டில் இறங்கினார், எல்லாமே நகர்த்தும்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தெருத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் செங்கல்லை இரண்டு வரிசை சரிவாகப் பதித்தார். ஷீட்டுக்கு மேலே தென்னங்கீற்று, கீழே தெர்மகோல். வெயில் பாதி குறைந்தது. பழைய கதவு ஒன்றைச் சுவரில் கீல் வைத்து மாட்டினார். இறக்கினால் மேஜை, தூக்கினால் சுவர். கட்டை தேய்க்கிற மூலைக்கும் பெயின்ட் அடிக்கிற மூலைக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை. பெயின்ட் புகைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். தவளை சரியாக மிதக்கிறதா, மல்லாந்து விழுகிறதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டி வேண்டும். அதற்கு ஒரு அண்டா கொண்டு வந்து கொடுத்தார் துலுக்கானம்.

துலுக்கானம், அடுத்த தெரு கல்யாண மண்டபத்து வாட்ச்மேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலி மண்டபத்தைக் காவல் காக்கிற களைப்பு தீர வரதன் வீட்டுக்கு வருவார். குடை பிடித்த காக்காவைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

"ஆயிரம் பேருக்குச் சாம்பார் வெச்ச அண்டா அண்ணாத்தே. இதுல ஒன் தவள நீஞ்சிச்சுன்னா சமுத்திரத்துலயே நீஞ்சும்."

எல்லாம் வந்தது, முக்கியமானது வரவில்லை. ரெசின் பூசிய தவளையை அப்படியே தொங்கவிட்டால் ரெசின் கீழே இறங்கி, தவளைக்குத் தொந்தி போட்டுவிடும். ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தூசி படக் கூடாது. மழைக்காலத்தில் கொஞ்சம் சூடும் வேண்டும். அப்படி ஒரு மிஷினைத் தேடி வரதனும் துலுக்கானமும் சென்னீர்குப்பம் வரைக்கும் போனார்கள். பெங்களூர் ஹைவே ஓரத்துக் காயலாங்கடையில், நொடித்துப்போன ஓட்டலிலிருந்து வந்த ஒரு கிரில் சிக்கன் மிஷின் நின்றிருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே வரிசையாகக் கம்பிகள். மெதுவாகச் சுற்றும் மோட்டார். கீழே நாலு சக்கரம்.

வரதன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் சித்ராவை அப்படிப் பார்க்கவில்லை என்று துலுக்கானம் பின்னால் சொன்னார்.

அடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நாலு குண்டு பல்பு மாட்டினார். கோழி கோக்கிற கம்பிகளில் தவளை கோத்தார். சுவிட்சைத் தட்டினால் மஞ்சள் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தவளைகள் மெல்லப் புரளும். எத்தனை கழுவியும் மிஷினிலிருந்து மசாலா வாசனை மட்டும் போகவில்லை. அந்த வாசனை முதல் லாட் தவளைகளில் ஏறிக்கொண்டது. அதைப் போட்டு வெள்ளானூர் ஏரியில் துலுக்கானம் பிடித்த விரால்களைக் குழம்பு வைக்கும்போது மிளகாய்த்தூள் போடத் தேவைப்படவில்லை. இதை யாரும் நம்புவதில்லை. துலுக்கானம் அதற்காக வருத்தப்படுவதும் இல்லை.

தீபாவளி திங்கட்கிழமை. மாப்பிள்ளை ஞாயிறு ராத்திரி வருவதாகப் பேச்சு. குணசேகரனுக்கான கடைசி லாட்டுக்குச் சனிக்கிழமை காலையில் ரெசின் பூசி மிஷினில் ஏற்றினார் வரதன். ஞாயிறு மத்தியானம் காய்ந்துவிடும். அப்புறம் மேஜையைத் தூக்கிச் சுவராக்கி, மிஷினைப் பின்னால் கிணற்றடியில் தள்ளிவிட்டு, ஷெட்டைப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டு மரியாதையை உள்ளே விட்டுவிடலாம்.

சனிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. சித்ரா அதிரசத்துக்கு வைத்த எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, பிரியா பேசுது. பூந்தமல்லி வந்துட்டாங்களாம். மாப்ளைக்கு லீவு முன்னாடியே கெடச்சிடுச்சாம்."

வெளியே தூறல் பிடித்துக்கொண்டிருந்தது. மிஷினுக்குள் தவளைகள் சாவகாசமாகப் புரண்டுகொண்டிருந்தன. பின்பக்கம் கிணற்றடியில் முழங்கால் தண்ணீர். மிஷினை வீட்டுக்குள் கொண்டுபோக வாசற்படியின் அகலம் போதாது. அதை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டார்.

"சித்ரா, இன்னிக்கு ஒரு ராத்திரி..."

"ஒரு ராத்திரி மாப்ள வண்டி மழையில நனையட்டுமா? எதிர் ஊட்டுப் பூங்காவனம் மாடியில நின்னுகினுதான் கீறா, பாருங்க."

வரதன் பார்க்கவில்லை. கதவு மேஜையைத் தூக்கி மாட்டினார். அண்டாத் தண்ணீரைக் கொட்டினார். துலுக்கானம் வந்து சேர்ந்ததும் இருவரும் மிஷினைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, தெரு விளக்கின் கீழே நிறுத்தினார்கள். மேலே ஒரு தார்ப்பாய். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, பிளக்கில் பிளாஸ்டிக் பையைச் சுற்றினார். தவளைகள் நிற்காமல் சுற்றின. வரதன் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் தனித்தனியாக முனகின.

மழையில், தெருமுனையில், மஞ்சள் வெளிச்சத்தோடு கண்ணாடிக்குள் ஏதோ வரிசையாகச் சுற்றினால் ஆவடிப் பக்கத்து ஜனங்களுக்கு என்ன தோன்றும்? முதல் பைக் நின்றது. ரெயின்கோட் போட்ட ஒரு ஆள்.

"அண்ணே, ஒரு ஃபுல்லு. மயோனைஸ் எக்ஸ்ட்ரா."

வரதன் தார்ப்பாயை இழுத்துவிட்டார். துலுக்கானம்தான் பதில் சொன்னார்.

"ஃபுல்லு ஆஃபுன்னு கெடையாது நைனா. முழுசா ஒண்ணுதான்."

அந்த ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து பார்த்தான். "இன்னாது இது? தவளையா?"

"ஆமா. ஃபாரின் ஐட்டம்."

"காரம் எப்பிடி?"

"ரெண்டு கோட்டு."

அவன் யோசித்தான். "லெக் பீஸ் மட்டும் கெடைக்குமா?"

"லெக்கு ரப்பரு. ஒனக்குப் பல்லு பரவாயில்லன்னா துன்னு."

"நாளைக்கு வர்றேன்" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு அவன் போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் என்ன கிடைக்கும் என்று கேட்காமலே நிற்கிற வழக்கம் நம் ஜனத்துக்கு உண்டு.

இந்த வரிசைக்கு நடுவில்தான் மாப்பிள்ளையின் வெள்ளைக் கார் வந்து நுழைந்தது.

கிருஷ்ணப்பிரியா இறங்கி, மழைக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். ஸ்ரீராம் கண்ணாடியை இறக்கினான். "சாப்ட்டீங்களா மாமா" என்றான். "வாங்க மாப்ள" என்றார் வரதன். பிறகு வண்டியைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் விடுகிற வைபவம் தொடங்கியது.

சித்ரா குடையோடு ஒரு பக்கம் நின்றாள். துலுக்கானம் மறுபக்கம். பூங்காவனம் மாடியிலிருந்து. வரிசையில் நின்றவர்கள் கிரில் வருகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று அவர்களும்.

"வரலாம், வரலாம், வரலாம்... ஆங், ஒடி!"

"லெப்டுல ஒடிங்க மாப்ள!"

"யாருக்கு லெப்டு? அவருக்கா ஒனக்கா?"

"தூணு கீது, தூணு கீது!"

"ஒண்ணும் ஆவாது, வா வா வா..."

டக்கென்று ஒரு சத்தம். வலதுபக்கக் கண்ணாடி தூணில் உரசி மடங்கியது. கதவு ஓரத்தில் கோடு விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் "பரவால்ல" என்றார்கள். ஸ்ரீராமும் உள்ளேயிருந்து "பரவால்லீங்க" என்றான். வண்டி ஒருவழியாக உள்ளே போய் நின்றது. அவன் இறங்கி, தூணுக்கும் கதவுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகம் மழையில் நனைந்ததா, வேர்த்ததா என்று சொல்ல முடியாது. "காபி போட்டாறேன்" என்று சித்ரா உள்ளே போனாள்.

அப்போது கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு. வரிசையில் நின்றவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். மிஷின் நின்றது. வரதன் மட்டும் எழுந்து, இருட்டில் கையை விட்டு, பக்கவாட்டுச் சங்கிலிச் சக்கரத்தைப் பிடித்துக் கையால் சுற்ற ஆரம்பித்தார். நின்றுவிட்டால் அத்தனை தவளைக்கும் தொந்தி. தொந்தி போட்ட தவளை தண்ணீரில் மல்லாக்கத்தான் கிடக்கும், குணசேகரன் வாங்கமாட்டான். அத்தோடு ஷெட்டும் போச்சு, எல்லாம் போச்சு. மழை தார்ப்பாய் ஓரத்தில் வழிந்து அவர் முதுகில் இறங்கியது. அவர் சுற்றிக்கொண்டிருந்தார். இன்வெர்ட்டர் வீட்டுக்குள் இரண்டு ஃபேனுக்கும் சாமி விளக்குக்கும்தான். அதுவும் மாப்பிள்ளைக்காக வாங்கியது.

கொஞ்ச நேரத்தில் முதுகில் மழை விழுவது நின்றது. திரும்பிப் பார்த்தார். ஸ்ரீராம் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் போன் வெளிச்சமுமாக நின்றிருந்தான்.

"மாமா, நான் சுத்தறேன். நீங்க உக்காருங்க."

"இல்ல மாப்ள, நீங்க போயி..."

"குடுங்க மாமா."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அட்டவணையில் இல்லாத ஒரு வசனம். வரதன் சக்கரத்தை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை சுற்றினான். துலுக்கானம் குடையை வாங்கிக்கொண்டு, கோயில் குடை பிடிக்கிறவர் மாதிரி இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

போன் வெளிச்சம் கேட்டைத் தாண்டிக் காரின் கதவில் விழுந்திருந்தது. வரதனின் கண் தானாக அந்தக் கோட்டுக்குப் போனது. ஆயுசு முழுக்க பெயின்ட்டைப் பார்த்த கண். தன் வீட்டுக் கல்யாணத்தில்கூட மேடையில் உட்கார்ந்திருந்தவர்களைவிட மேடைக்குப் பின்னால் இருந்த பீரோவின் பாலிஷைத்தான் அதிகம் பார்த்தது. எழுந்து போய், கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தடவினார். இன்னொரு இடத்தில் தடவினார்.

"மாப்ள. இது கம்பெனி பெயின்ட்டு இல்லியே."

ஸ்ரீராம் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணு மேல ஒண்ணு நெறைய கோட்டு இருக்குது. அடிச்சவன் தேய்க்காமலே அடிச்சிருக்கான். யாரு அடிச்சது?"

"கிருஷ்ணகிரில ஒரு பட்டறைல மாமா." அவன் குரல் மழையில் இறங்கிப் போயிருந்தது. "ஒவ்வொரு தடவையும் இந்தத் தூண்ல இடிச்சிருவேன். நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்கன்னு, அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி அடிச்சிட்டு வந்துருவேன்."

துலுக்கானம் இருமினார். சிரிப்புதான், குடை ஆடியதில் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க மாமா. வாலாஜா டோல்கேட் தாண்டும்போதே வண்டியோட ஸ்பீடு தானா குறைஞ்சிரும். அந்த ஷெட்டு, ரெண்டு தூணு, எதிர் வீட்டு அம்மா, வரலாம் வரலாம்னு சத்தம். இந்தத் தடவை ஒருநாள் முன்னாடி, மழையா இருக்கறப்ப வந்துட்டா யாரும் வேடிக்கை பார்க்க இருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். வந்து பார்த்தா வாசல்ல வரிசையே நிக்குது."

"அப்ப வெளியவே நிறுத்திட வேண்டியதுதானே மாப்ள?"

"எப்படி மாமா? எனக்காகவே கட்டினதுன்னு அத்தை ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க. அதுல நிறுத்தலைன்னா நல்லா இருக்குமா?"

வரதன் ஸ்டூலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். சிரிக்கலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை. இவர் அவனுக்காகக் காலியாக வைத்திருந்த இடத்தில், அவன் இவருக்காக இடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். மாடிக்கும் படிக்கட்டுக்கும் குளியலறைக்குமாக அவர் தூக்கித் திரிந்த கம்ப்ரெசர் நினைவுக்கு வந்தது. முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு அந்த எடம் வேணும் மாப்ள" என்றார். இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொல்ல அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

"எடுத்துக்கங்க மாமா" என்றான் ஸ்ரீராம். அந்த மழையிலும் அவன் தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியதைத் துலுக்கானம் பார்த்தார்.

காபி டம்ளரோடு சித்ரா வந்தாள். பின்னால் மெழுகுவர்த்தியோடு கிருஷ்ணப்பிரியா. மாப்பிள்ளை தெருவில் நின்று தவளை சுற்றுவதைப் பார்த்ததும் சித்ரா கையிலிருந்த குடையை விரிக்கவும் மறந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, இன்னாங்க இது, மாப்ளய வேல வாங்கிகினு! உள்ள வாங்க மாப்ள!"

"அவரு வண்டிய வெளிய எடுக்கறாரு. மிஷினு உள்ள போவுது" என்றார் வரதன்.

"இன்னாது?"

"நாங்க பேசிட்டோம்."

சித்ரா மகளைப் பார்த்தாள். கிருஷ்ணப்பிரியா மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, "அப்பாடா, பேசிட்டீங்களா? நாலு வருஷமா ரெண்டு பக்கமும் நான் தூது போய் என் தொண்டை போச்சு" என்றாள்.

"அது சரிம்மா, தெரு இன்னா சொல்லும்? மாமியார் ஊட்டுல மாப்ள வண்டிக்கு எடம் இல்லன்னு பூங்காவனம் நாளைக்கே ஆவடி வரைக்கும் சொல்லிடுவா. மேல தீபாவளி வேற. ராக்கெட்டு வந்து வண்டி மேல உழுந்தா?"

அது நியாயமான கேள்வி. ஸ்ரீராம் சுற்றிக்கொண்டே நின்றான். துலுக்கானம் குடையை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மண்டபம் காலியாதாம்மா கீது" என்றார்.

"எந்த மண்டபம்?"

"நம்ம மண்டபம்தான். தீபாவளிக்கு யாரு கண்ணாலம் பண்றான்? மொதலாளியாண்ட போன்ல ஒரு வார்த்த சொல்லிட்றேன், அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. முன்னாடி போர்ட்டிகோ கீது பாரு, கண்ணாலத்துக்கு மாப்ள வண்டி வந்து நிக்கிற எடம். அங்க நிறுத்திக்கலாம். மேல காங்கிரீட்டு. நான் ராவும் பகலும் காவலு. லாரியே திரும்பற எடம், ரிவர்ஸே எடுக்க வேணாம்."

ஸ்ரீராம் முதல் தடவையாகச் சுற்றுவதை மறந்தான். வரதன் அவசரமாகச் சக்கரத்தைப் பிடித்தார்.

சித்ரா யோசித்தாள். "மாப்ள வண்டி நிக்கிற எடத்துலயேவா?"

"அதே எடத்துல. போன முகூர்த்தத்து வாழமரம்கூட இன்னும் ரெண்டு பக்கமும் கட்டுனபடியே நிக்குது."

வாழைமரம் என்றதும் சித்ராவின் முகம் மாறியது. குடையை விரித்தாள். தெருவின் நடுவுக்குப் போய், இருட்டில் தெரியாத மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"பூங்காவனம்! எங்க மாப்ள வண்டிக்கு இந்தத் தீபாவளிக்கு மண்டபமே எடுத்திருக்கோம்! ஷெட்டு பத்தலயாம்!"

மாடியிலிருந்து பதில் வரவில்லை. பதில் சொல்ல முடியாமல் பூங்காவனம் வாயடைத்து நின்றது வெள்ளானூர் சரித்திரத்திலேயே அந்த ஒரு தடவைதான்.

வண்டி நேராக முன்னால் கிளம்பி, ஒரு தடவையும் நிற்காமல், "வரலாம்" என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் தெரு திரும்பியது. துலுக்கானம் முன்சீட்டில் உட்கார்ந்து போனார்; ஏறும்போது ஒரு மாலை இருந்தால் நன்றாயிருக்கும் என்று வேறு சொன்னார். மிஷினை வரதனும் சித்ராவும் தள்ளினார்கள். செங்கல் சரிவில் ஏற அவருக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா, மெதுவா" என்றாள் சித்ரா. பிறகு, சுவரில் தூக்கி மாட்டியிருந்த கதவு மேஜையைக் கீலோடு அவளே இறக்கிவிட்டாள். அதிரசம் சுட உள்ளே போனாள்.

வரதன் தனியாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றார். கரண்ட் வந்தது. மோட்டார் முனகி, தவளைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்: ஒன்றுக்கும் தொந்தியில்லை. ஸ்டூலைச் சுவரோரம் போட்டுச் சாய்ந்தார். ஷீட்டின்மேல் கீற்று, கீற்றின்மேல் மழை. வெளியே ஏரிப் பக்கமிருந்து நிஜத் தவளைகள் கத்தின. உள்ளே மரத்தவளைகள் மசாலா வாசனையோடு புரண்டன. பொங்கலுக்கு இதையெல்லாம் தூக்க வேண்டாம், சித்திரைக்குத் தூக்க வேண்டாம், ஆடிக்கும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தவர், ஆடிக்குப் பிறகு என்ன மாசம் என்று யோசிப்பதற்குள் கண் சொருகியது. முதல் ஷிஃப்டும் இல்லை, மூன்றாவது ஷிஃப்டும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே, நனைந்த சட்டையோடு, பாயே இல்லாமல்.

கேட்டை யாரோ தட்டினார்கள். ரெயின்கோட் ஆள்தான், நாளைக்கு என்று சொல்லிப் போனவனுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, கிரில்லு ஆச்சா?"

வரதன் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் வேகல நைனா."